சான்றுக்குச் சான்று: இணையவழிக் கல்வி நிறுவனங்களின் அங்கீகாரத்தை ஆராயும் நெறி

முன்னுரை

பண்டைக் காலத்தில் மாணாக்கன் ஆசானைத் தேடிச் சென்றான். பின்னர்க் கல்லூரியைத் தேடி ஊர்விட்டு ஊர் சென்றான். 1962-ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது, பாடம் மாணாக்கனைத் தேடி அவன் இல்லத்திற்கே வரலாயிற்று. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பெற்றன. இன்றோ வகுப்பும் பயிற்சியும் தேர்வும் கணினித் திரையிலேயே நடைபெறும் இணையவழிக் கல்வி வேரூன்றிவிட்டது.

இம்மாற்றத்தால் பயன்பெறுவோர் பலர். திருமணத்தால் படிப்பு இடையில் நின்ற பெண்கள், வளைகுடா நாடுகளில் பணிபுரிந்துகொண்டே மேற்படிப்பை நாடும் இளைஞர்கள், தந்தையின் கடையில் துணைநிற்கும் பிள்ளைகள் ஆகியோர்க்கு இது பெரும் வாய்ப்பாகும். ஆயினும் நல்ல நெல்லோடு பதரும் கலந்து வருவது போன்று, முறையான பல்கலைக்கழகங்களோடு போலி நிறுவனங்களும் அதே திரையில், அதே பொலிவோடு, அதே சொற்களைப் பேசிக்கொண்டு வருகின்றன. நேரில் சென்று காணக்கூடிய கல்லூரியாயின் கட்டடத்தையும் நூலகத்தையும் ஆசிரியரையும் பார்த்து ஓரளவு தெளியலாம். திரையில் தோன்றும் கல்லூரியைக் கண்ணால் கண்டு தெளிதல் இயலாது. ஆவணங்களைக் கொண்டே தெளிய வேண்டும். அவ்வாறு தெளியும் நெறியை, நம் நாட்டு நடைமுறையை அடிப்படையாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்பொருள் விளக்கம்

விளம்பரங்களில் "அங்கீகாரம் பெற்றது" என்னும் தொடர் மிகுதியாகக் காணப்படுகின்றது. எவரால், எதற்காக, எந்த ஆண்டுவரை அங்கீகாரம் பெற்றது என்பதை அத்தொடர் சொல்வதில்லை. உண்மையில் இச்சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் அடங்கியுள்ளன. அவை,

அ) பட்டம் வழங்கும் உரிமை
ஆ) குறிப்பிட்ட படிப்பை இணையவழியில் நடத்தும் அனுமதி
இ) நிறுவனத்தின் தர மதிப்பீடு

என்பனவாம். இம்மூன்றும் ஒன்றல்ல. ஒன்று இருப்பதால் மற்றொன்று இருப்பதாகக் கொள்ளலாகாது. மக்கள் ஏமாறுமிடம் பெரும்பாலும் இதுவேயாகும்.

ஈண்டு ஒரு சொல்லை நினைவுகூர்தல் பொருந்தும். நம் அரபுக் கல்லூரிகளில் படிப்பை நிறைவு செய்தோர்க்கு வழங்கப்பெறும் சான்றிதழை "ஸனது" என்கிறோம். இச்சொல்லே "சன்னது" என வடிவம் பெற்று, உரிமைப் பத்திரம் என்னும் பொருளில் தமிழ் வழக்கிலும் புகுந்தது. வழக்கறிஞர் பெறும் உரிமத்தைச் "சன்னது" என்று முன்னோர் வழங்கினர். நபிமொழிக் கலையிலோ "ஸனது" என்பது அறிவிப்பாளர் தொடரைக் குறிக்கும். ஒரு செய்தியை இவர் எவரிடம் கேட்டார், அவர் எவரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா எனக் கண்ணி கண்ணியாக ஆராய்ந்த பின்னரே அக்கலையின் அறிஞர்கள் செய்தியை ஏற்றனர். சான்றிதழுக்கும் தொடருக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது எண்ணத்தக்கது. இணையவழிக் கல்லூரியை ஆராய்வோர் செய்ய வேண்டியதும் இதுவேயாகும். சான்று வழங்குபவர் யார், அவர்க்கு அவ்வுரிமையை வழங்கியவர் யார் எனப் பின்னோக்கிச் சென்று, ஒரு சட்டத்தைச் சென்றடையும் வரை வினவ வேண்டும். இடையில் ஒரு கண்ணி அறுந்திருப்பினும் அச்சான்று நிற்காது.

2. பட்டம் வழங்கும் உரிமை

பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956-இல் இயற்றப்பெற்றது. பட்டம் வழங்கும் உரிமை எவர்க்கு உண்டு என்பதை அதன் 22-ஆம் பிரிவு வரையறுக்கின்றது. நாடாளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம், அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பெற்ற நிறுவனம், பட்டம் வழங்கவென்றே நாடாளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். சட்டத்தால் நிறுவப்பெறாத எந்நிறுவனமும் தன் பெயரில் "பல்கலைக்கழகம்" என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாகாது என்று 23-ஆம் பிரிவு தடை செய்கின்றது. இவற்றை மீறுவோர்க்கு 24-ஆம் பிரிவு விதிக்கும் தண்டம் 1,000 ரூபாய் வரையிலானதே. இலட்சக்கணக்கில் ஈட்டுவோரை இச்சிறு தண்டம் அச்சுறுத்தாது. ஆதலின் சட்டம் தம்மைக் காக்கும் என்று வாளாவிராமல், மாணவர் தாமே விழிப்போடிருத்தல் இன்றியமையாததாகின்றது.

கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் உள்ள வேறுபாட்டையும் மனங்கொள்ள வேண்டும். இணைவுபெற்ற கல்லூரி கற்பிக்கின்றது. அது தன்னாட்சி பெற்றதாயின் தேர்வையும் நடத்துகின்றது. எனினும் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகமே. ஆதலின் இணையவழிக் "கல்லூரி" ஒன்று அழைக்குமாயின், "பட்டச் சான்றிதழில் எப்பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?" என்பதே கேட்க வேண்டிய முதல் வினா. நேரான விடை வாராதாயின் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

சட்டத்தின் பெயரால் தோன்றியவையும் நிலைக்காமற்போனதற்கு ஒரு சான்று உண்டு. சத்தீசுகர் மாநிலம் 2002-இல் இயற்றிய தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ், குறுகிய காலத்தில் 100-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அரசு அறிவிக்கையால் தோன்றின. அவற்றுள் பலவற்றுக்கு உரிய கட்டடமோ ஆசிரியரோ இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் முன்னாள் தலைவரும் அறிவியலாளருமான பேராசிரியர் யஷ்பால் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் 2005 பிப்ரவரி 11 அன்று, அச்சட்டத்தின் 5, 6-ஆம் பிரிவுகள் செல்லா எனத் தீர்ப்பளித்தது. அப்பிரிவுகளால் உருவான பல்கலைக்கழகங்கள் ஒரே நாளில் இல்லாதொழிந்தன. அவற்றில் பயின்றோர் அல்லலுறாவண்ணம், அந்நிறுவனங்களை ஏற்கெனவே உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழிகாணுமாறு நீதிமன்றம் மாநில அரசைப் பணித்தது.

நடுவண் பல்கலைக்கழகங்கள், மாநிலப் பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், தனியார் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் பட்டியல்களை மானியக் குழு தன் இணையதளத்தில் வெளியிடுகின்றது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மாநிலவாரியாகத் தருகின்றது. போலிப் பட்டியலில் பெயர் இல்லை என்பதனாலேயே ஒரு நிறுவனம் உண்மையானதாகிவிடாது. உண்மைப் பட்டியலில் பெயர் இருக்கின்றதா என்பதையே நோக்க வேண்டும். அங்ஙனம் நோக்குங்கால் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுதல் நலம். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்வது போலிகளின் பழைய வழக்கம்.

3. படிப்பை நடத்தும் அனுமதி

பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தும், அது நடத்தும் படிப்பு செல்லாததாக இருக்கக்கூடும். இது பலரும் அறியாத செய்தியாகும்.

திறந்தநிலை, தொலைநிலைப் படிப்புகளுக்கும் இணையவழிப் படிப்புகளுக்குமான மானியக் குழுவின் ஒழுங்குமுறை விதிகள் 2020 செப்டம்பரில் வெளியாயின. இவ்விதிகளின்படி, தர மதிப்பெண் அல்லது தேசியத் தரவரிசையில் உரிய தகுதி பெற்ற நிறுவனமே இத்தகைய படிப்புகளை நடத்தலாம். எந்த நிறுவனம், எந்தப் படிப்பை, எந்தக் கல்வியாண்டில், எந்த முறையில் நடத்தலாம் என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் தளத்தில் பட்டியலிடுகின்றது. தொலைநிலை முறையும் இணையவழி முறையும் தனித்தனியே பார்க்க வேண்டியவை. ஒன்றுக்குப் பெற்ற அனுமதி மற்றொன்றுக்கு ஆகாது. சென்ற ஆண்டுப் பட்டியலில் இருந்த படிப்பு இவ்வாண்டு இல்லாமற்போகலாம். ஆதலின் சேரும் பருவத்திற்குரிய பட்டியலையே நோக்க வேண்டும்.

சில துறைகளைத் திரைவழியே கற்பிக்கலாகாது என்பது விதி. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், செவிலியம், கட்டடக்கலை, சட்டம், வேளாண்மை முதலியன அத்தகையன. எம்.ஃபில்., முனைவர் பட்டம் ஆகிய ஆய்வுப் பட்டங்களையும் இம்முறைகளில் வழங்க இயலாது. "வீட்டிலிருந்தே இணையவழியில் முனைவர் பட்டம்" என ஓர் இந்திய நிறுவனம் விளம்பரம் செய்யுமாயின், அது விதிக்குப் புறம்பானது என்பதை வேறு ஆராய்ச்சியின்றியே அறியலாம்.

இதன் விளைவு எத்துணைக் கடுமையானது என்பதை 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு காட்டுகின்றது. ஒரிசா நீரேற்றுப் பாசனக் கழகத்தில் பதவி உயர்வு தொடர்பாக எழுந்த வழக்கு அது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் அவ்வழக்கில் ஆராயப்பெற்றன. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டைச் சார்ந்தது. நால்வகை நிறுவனங்களும் முறைப்படி அறிவிக்கப்பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களே. எனினும் தொலைநிலைப் பொறியியல் படிப்புக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் பெறப்படவில்லை. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோரின் பட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்து, அக்குழு நடத்தும் தேர்வில் இரண்டு வாய்ப்புகளுக்குள் வென்றாலன்றி அவை உயிர்பெறா என்றது. அதற்குப் பின் சேர்ந்தோரின் பட்டங்கள் அறவே செல்லாதனவாயின. கட்டணத்தைத் திருப்பித்தர நீதிமன்றம் ஆணையிட்டது. பணத்தைத் திருப்பித் தரலாம். கழிந்த ஆண்டுகளை எவரால் திருப்பித்தர இயலும்? படித்து, பணியிலமர்ந்து, உயர்வும் பெற்ற பின்னர், பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு ஒரு தீர்ப்பால் கேள்விக்குள்ளாயிற்று. அவர்கள் பொய்ச் சான்றிதழை விலைக்கு வாங்கியோர் அல்லர். பல்கலைக்கழகத்தின் பெயரை நம்பி, படிப்பின் அனுமதியை நோக்காதோர்.

மறுபுறம், முறையான அனுமதியோடு நடத்தப்பெறும் இணையவழிப் பட்டம் தாழ்ந்ததன்று. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டங்கள் நேர்முறைப் பட்டங்களுக்கு இணையானவை என மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. ஆயினும் தமிழ்நாட்டு அரசுப் பணியை நாடுவோர், பத்தாம் வகுப்பு, மேனிலை வகுப்பு, பட்டம் என்னும் வரிசையில் பயின்றிருத்தல் வேண்டும் என்பதையும் மறவாதிருத்தல் நன்று.

4. தரச்சான்று

தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவை 1994-இல் பெங்களூரில் நிறுவப்பெற்றது. "நாக்" என்று நாம் சுருக்கமாக வழங்குவது இவ்வமைப்பையே. உயர்கல்வி நிறுவனங்களை நான்கு புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டு, உயர்ந்த ஏ++ முதல் சி வரை தரநிலைகளை இது வழங்கி வந்துள்ளது. 1.50 புள்ளியும் அதற்குக் கீழும் பெற்ற நிறுவனம் டி நிலையில் வைக்கப்பெறும். தரச்சான்று பெறாதது என்பதே அதன் பொருள். தரநிலை பொதுவாக ஐந்தாண்டுகளுக்கே செல்லும். தரநிலைகளுக்கு மாற்றாக, தரச்சான்று பெற்றது, பெறாதது என்னும் இருநிலை முறையைக் கொண்டுவரும் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பெற்றது. எம்முறையாயினும், விளம்பரத்தில் காணும் தரநிலையை அவையின் தளத்தில் ஒப்பிட்டு, அது எந்த நாள் வரை செல்லும் என்பதையும் நோக்க வேண்டும்.

தரச்சான்று என்பது நிறுவனத்தின் நிலையைக் கூறும் மதிப்பீடே அன்றி, ஒவ்வொரு படிப்புக்கும் அளித்த அனுமதியன்று. உயர்ந்த தரநிலை உடைய நிறுவனமும் தடைசெய்யப்பெற்ற படிப்பை இணையவழியில் நடத்த இயலாது.

தரச்சான்று போலத் தோன்றி, அங்ஙனம் ஆகாதவை சில உள. "ஐ.எஸ்.ஓ. சான்று பெற்ற கல்வி நிறுவனம்" என்பது அவற்றுள் ஒன்று. ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டு அமைப்பு தர நெறிகளை வகுப்பதன்றிச் சான்றிதழ் வழங்குவதில்லை. பிற நிறுவனங்கள் அந்நெறிப்படி வழங்கும் 9001 சான்று, அலுவலக மேலாண்மை ஒழுங்கைப் பற்றியது. ஓர் ஆலையும் அதனைப் பெறலாம். அதனால் பட்டம் வழங்கும் உரிமை பிறவாது. "இந்திய அரசில் பதிவு பெற்றது" என்பது மற்றொன்று. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ குழுமமாகவோ சிறுதொழிலாகவோ பதிவு செய்துகொள்ளுதல் எவர்க்கும் எளிது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு.

5. வெளிநாட்டு நிறுவனங்கள்

வெளிநாட்டுப் பெயரைக் கண்டு மயங்குவோரும் உளர். அமெரிக்க நாட்டில் நடுவண் அரசின் கல்வித்துறை தானே எக்கல்லூரிக்கும் தரச்சான்று வழங்குவதில்லை. தரச்சான்று வழங்கும் அமைப்புகளை ஆராய்ந்து அங்கீகரிப்பதே அதன் பணி. 1996-இல் தோன்றிய உயர்கல்வித் தரச்சான்று மன்றமும் அங்ஙனமே அமைப்புகளை அங்கீகரிக்கின்றது. ஆகவே அந்நாட்டுக் கல்லூரி "தரச்சான்று பெற்றது" என்னுமிடத்து, சான்றளித்த அமைப்பை இவ்விரண்டில் ஒன்றேனும் அங்கீகரித்துள்ளதா என நோக்க வேண்டும். இவ்விரண்டும் தத்தம் தளங்களில் கல்லூரிகளின் விவரங்களைத் தேடும் வசதியை அளித்துள்ளன.

போலிகள் இதனையும் அறிவர். 2015 மே திங்களில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், கராச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆக்சாக்ட் என்னும் மென்பொருள் நிறுவனத்தைப் பற்றி விரிவான செய்தி வெளியிட்டது. ஏறத்தாழ 370 இணையதளங்கள் அதனோடு தொடர்புடையவையாகக் கண்டறியப்பெற்றன என்றும், அவற்றுள் இல்லாத பல்கலைக்கழகங்களின் தளங்களோடு, அவற்றுக்குச் சான்றளிப்பதாகக் கூறிக்கொண்ட இல்லாத தரச்சான்று அமைப்புகளின் தளங்களும் இருந்தன என்றும் அச்செய்தி கூறிற்று. கல்லூரியும் பொய், அதற்குச் சாட்சி சொல்லும் அமைப்பும் பொய். சாட்சியை விசாரிக்காமல் சாட்சியத்தை ஏற்கலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அயல்நாட்டில் செல்லும் பட்டமாயினும் அது நம் நாட்டில் ஏற்கப்பெறுமா என்பது தனி வினாவாகும். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பட்டம் தருவதாகக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில செய்த விளம்பரங்களைக் குறித்து, அத்தகைய பட்டங்கள் ஏற்கப்பெறா என மானியக் குழு 2023 டிசம்பரில் எச்சரித்தது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி வழங்குவது குறித்த விதிகளை அது 2025-இல் வெளியிட்டுள்ளது. சேருவதற்கு முன் அவற்றை நோக்குதல் வேண்டும்.

6. ஐயத்திற்குரிய அடையாளங்கள்

தேர்வின்றிப் பட்டம், ஓராண்டில் மூன்றாண்டுப் பட்டம், முந்தைய தேதியிட்ட சான்றிதழ், "இன்றிரவுக்குள் செலுத்தினால் பாதிக் கட்டணம்" என்னும் அவசரம், தனிமனிதரின் வங்கிக் கணக்கிற்குப் பணம் அனுப்பச் சொல்லுதல், பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றுதல் ஆகியவை ஐயத்திற்குரியன. இணையவழிப் படிப்பை இடைத்தரகர்க்கு உரிமைக்கு விடுதல் விதிகளால் தடுக்கப்பெற்றது. ஆதலின் "எங்கள் மையத்தின் வாயிலாக மட்டுமே சேரலாம்" என்போரை நம்புதல் கூடாது.

7. ஆராயும் ஒழுங்கு

இதுகாறும் கூறியவற்றை மாணவர் பின்வரும் ஆறு வினாக்களாகக் கொள்ளலாம்.

1. பட்டச் சான்றிதழில் எப்பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? அது எந்தச் சட்டத்தால் நிறுவப்பெற்றது?
2. மானியக் குழுவின் பட்டியலில் அப்பெயர் எழுத்துப் பிழையின்றி அப்படியே உள்ளதா?
3. சேரும் கல்வியாண்டுக்குரிய தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில், இப்படிப்பு இணையவழி முறையில் நடத்தப்பெறும் என உள்ளதா?
4. இப்படிப்பு தடைசெய்யப்பெற்ற துறைகளுள் ஒன்றா? வேறு ஒழுங்குமுறைக் குழுவின் ஒப்புதல் தேவையா?
5. தரச்சான்று எந்த நாள் வரை செல்லும்?
6. 2024 செப்டம்பர்ப் பருவம் முதல் தொலைநிலை, இணையவழி மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பெற்ற தனி அடையாள எண்ணை மானியக் குழுவின் தளத்தில் உருவாக்கச் சொல்கின்றனரா? அது தேவையில்லை என்கின்றனரா?

இவ்விவரங்களைக் கல்லூரி அனுப்பும் இணைப்பின் வழியே காணலாகாது. மானியக் குழுவின் தளத்தை நாமே தட்டெழுதித் திறந்து காண வேண்டும். கண்ட பக்கத்தைத் தேதியோடு அச்சிட்டு வைத்துக்கொள்வது பின்னாளில் உதவும். ஐயம் எஞ்சுமாயின் பல்கலைக்கழகத்தின் பதிவாளர்க்கு எழுதிக் கேட்கலாம். இப்பணி முழுவதற்கும் ஒரு பிற்பகல் போதும்.

முடிவுரை

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரின் பட்டச் சான்றிதழ், மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் எனப் பல படிகளில் சரிபார்க்கப்பெறுவதை நம் ஊர்களில் அறியாதார் இலர். சான்றின் தொடரைப் பிறர் ஒரு நாள் ஆராயத்தான் போகின்றனர். பணிக்குச் சேர்ந்த பின் அவர்கள் ஆராய்ந்து அறுந்த கண்ணியைக் காண்பதைவிட, பணம் கட்டுமுன் நாமே ஆராய்ந்து காண்பது அறிவுடைமை.

கல்வி உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளையினரும் ஜமாஅத் பெரியோர்களும் இதில் பெரும்பணி ஆற்றலாம். மதிப்பெண் பட்டியலையும் குடும்ப வருவாயையும் கேட்டு வாங்குவது போன்றே, சேரவிருக்கும் படிப்பு மானியக் குழுவின் பட்டியலில் உள்ள பக்கத்தின் படியையும் விண்ணப்பத்தோடு கேட்டு வாங்கும் வழக்கத்தை ஏற்படுத்தினால், அறப்பொருள் தகுதியற்றோர் கையில் சேராது. தாயின் நகையை அடகு வைத்துப் படிக்கும் பெண்ணும், ஒழுகும் கூரையை அடுத்த ஆண்டு வேயலாம் என்று மகனின் கட்டணத்தைக் கட்டும் தந்தையும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு ஆங்கிலத் தளங்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் இல்லாதிருக்கலாம். கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒரு குடும்பத்திற்கேனும் இவ்வாறு வினாக்களையும் எழுப்பி, விடைகளைத் தேடிக் கொடுப்பாராயின், அதுவே அவர் பெற்ற கல்வியின் பயனாகும்.